மூக்குக்கண்ணாடி கழுவும் கட்டம்

முதலில் மழை போயிற்று. “இந்த நாவல்ல அவ ஒரு தடவைகூட அழல, கவனிச்சீங்களா,” என்று ஃப்ளாரா அக்கா ஆரம்பித்தபோதே அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், வராமல் போகலாம் என்று ஒரு நொடி நம்பினேன். வந்தது. “ஆனா அவ அழ வேண்டிய எடத்துலெல்லாம் மழை பெய்யுது. அவளுக்குப் பதிலா வானம் அழுவுது.” சொல்லிவிட்டுக் கையிலிருந்த ஒயின் கிளாஸை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுகிறாள். வானம் அழுவுது என்பது மட்டும் அவளுடையது. மிச்சம் என்னுடையது. இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே வீட்டுச் சமையலறையில் ஒயின் ஜாடியைக் கிண்டிக்கொண்டே நான் சொன்னது, அதுவும் வானம் அழுவதாகச் சொல்லவில்லை, எழுதினவருக்கு அவளை அழவைக்கக் கூச்சமாக இருந்திருக்கும், அதனால் மழையைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டார் என்றேன். கூச்சம் என்ற சொல்லை அக்கா விட்டுவிட்டாள். அவளுக்கு அதனால் உபயோகம் இல்லை. எதிரே ஹேமா மேடம் தலையை மேலும் கீழுமாக ஆட்டுகிறார், தபால் ஆபீஸ் கவுண்டரில் முகவரி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆட்டுவாரே அப்படி. நசீமாக்கா வர்க்கி பிஸ்கட்டை டீயில் முக்கின கை அப்படியே நிற்க, “அட, ஆமால்ல,” என்கிறாள், முக்கின பாதி கப்புக்குள் உடைந்து விழுகிறது. மாதத்தின் நாலாவது ஞாயிறு, மூணு மணி, நாலு பேர். குன்னூரில் இந்த நேரத்துக்கு மூடுபனி ஜன்னல்வரை வந்து நின்று உள்ளே எட்டிப் பார்க்கும். ஒரே ஒரு பிரதி, ஆளுக்கு ஒரு வாரம், மாதக் கடைசியில் கூடிப் பேச்சு. புத்தகம் யார் மடியில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம், அடுத்தவர் மடிக்குப் போகும்வரை யாரும் குறுக்கே பேசக்கூடாது. இந்த விதியைப் போட்டது ஃப்ளாரா அக்காதான், போட்டதே எனக்காகத்தான் என்று சொல்லியிருக்கிறாள். “நீ வாயைத் தெறக்கறதுக்குள்ள நாங்க நாலு விஷயம் பேசி முடிச்சிடறோம், பாவம்.” பாவம் என்று அவள் சொன்ன விதத்துக்காகவே அன்றைக்கு நான் அழுதிருப்பேன். இப்போது புத்தகம் அவள் மடியில். இன்னும் எவ்வளவு நேரம் இருக்குமோ.

ஒயின் நன்றாக வந்திருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும். நாக்கில் முதலில் திராட்சையின் தித்திப்பு, பிறகு கிராம்பு, பிறகு தொண்டையில் ஒரு சூடு. அது நெஞ்சில் இறங்கும்போது நான் கொஞ்சம் தைரியமான பெண் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், முதுகு நிமிர்ந்திருக்கிறது, ஆனால் வாய் பழைய வாயேதான். மாதம் ஒரு ஜாடி, மூன்று மாதமாக இருபத்தொரு நாளும் கிண்டியவள் நான். முதல் ஜாடியின்போது அக்கா மணிக்கட்டு பிசகிக் கட்டுப் போட்டிருந்தாள், அவள் வீட்டுப் பின்கட்டில் ஒற்றை அறையில் குடியிருக்கிற நான் ஏலக் கம்பெனியில் தேயிலைப் பட்டியல் அடித்து முடித்து ஐந்தரைக்கு வருவேன், வந்ததும் கூப்பிடுவாள். ஜாடி வாயில் கட்டிய வெள்ளைத் துணியை அவிழ்த்தால் குப்பென்று ஒரு வாசனை மூக்கில் ஏறும், புளிப்பும் பூவும் ஈரக் கோதுமையும் கலந்தது. ஈரமில்லாத மர அகப்பை. ஒரே பக்கமாகச் சுற்ற வேண்டும், மாற்றிச் சுற்றினால் கெட்டுவிடும் என்பாள், கால் மணி நேரம், நடுவில் நிறுத்தக் கூடாது. கை சுற்றிக்கொண்டே இருக்கும்போது எனக்குப் பேச வருகிறது என்பதை அந்த ஜாடிக்கு முன்னால்தான் கண்டுபிடித்தேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம், நுரைத்துக்கொண்டு மேலே வருகிற திராட்சைத் தோலைப் பார்த்துப் பேசினால் போதும். பின்னால் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, “ம், சொல்லு,” என்பாள். “அப்புறம்?” என்பாள். யாரும் என்னிடம் அப்புறம் என்று கேட்டதில்லை. கோயம்புத்தூரில் எம்.ஏ. படிக்கும்போது வகுப்பில் கட்டுரை வாசிக்க எழுந்து நின்று, காகிதம் நடுங்குகிற சத்தம் எனக்கே கேட்டு, மூன்றாவது வரியில் குரல் போய், பேராசிரியர், “சரி உக்காரும்மா, நல்லாத்தான் எழுதியிருப்ப,” என்றார். நல்லாத்தான் எழுதியிருப்ப. அவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் காகிதம் இன்னும் பெட்டியில் இருக்கிறது. இந்த அகப்பைக்கு முன்னால்தான் நான் முழு வாக்கியம் பேசினேன், முற்றுப்புள்ளி வைத்தேன், அடுத்த வாக்கியத்துக்குப் போனேன். அதனால் நான் சொன்னதை இவள் எடுத்துக்கொண்டாள் என்று சொல்லும்போது, யார் எனக்குச் சொல்லக் கொடுத்தார்கள் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இவள்தான். அங்கேதான் எனக்குக் கோபம் தடுக்கி விழுகிறது.

இது மூன்றாவது மாதம். முதல் மாதம் அவள் என் வாக்கியம் ஒன்றைச் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சத்தியமாக, என் வாயில் வராதது அவள் வாயிலாவது வந்ததே என்று. நான் வாங்க ஆசைப்பட்ட புடவையை அக்கா உடுத்தி, அது அவளுக்கு எடுப்பாகவும் இருந்த மாதிரி. முடிந்ததும் என்னைப் பார்த்துச் சிரிப்பாள், இது கௌசி சொன்னது என்று சொல்லுவாள் என்று அவள் முகத்தையே பார்த்திருந்தேன். அவள் ஹேமா மேடத்தைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டாவது மாதம் நாலு வாக்கியம். அன்றைக்குத்தான் ஹேமா மேடம், நூலகத்தில் வாசகர் வட்டம் நடத்துகிறார்கள், ஃப்ளாரா நீங்கள் வந்து பேசணும் என்றார், எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன், என் கை தட்டுகிற சத்தம் மற்றவர்கள் சத்தத்தைவிடக் கொஞ்சம் பிந்தி வந்தது. யோசனைக்கு உடைமைக்காரர் உண்டா என்று அன்று அறையில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டேன். மழையைப் பற்றி வேறு யாருக்கும் தோன்றியிருக்காதா. இந்த நாவலைப் படித்த நூறு பேரில் இருபது பேருக்குத் தோன்றியிருக்கும். அப்படியானால் அது என்னுடையது இல்லை. ஆனால் ஃப்ளாரா அக்காவுக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் அவள் படிக்கவில்லை. இதைத்தான் நான் இத்தனை நேரம் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன். கடைசி வாரம் புத்தகம் அவளிடம் இருந்தது. ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது. திங்கட்கிழமை எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ சனிக்கிழமையும் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தது, அதன்மேல் மின் கட்டணச் சீட்டு, சீட்டின்மேல் ஒரு எலுமிச்சம்பழம்.

“இன்னொண்ணு கவனிச்சேன்,” என்கிறாள். கவனிச்சேன். “அவளோட புருஷன் பேரு இருக்கே, அதை அவ ஒரு தடவைகூடச் சொல்றதில்ல. படகுத்துறையில டிக்கெட் வாங்க வர்றவங்கதான் சொல்றாங்க. அவரு இப்ப இல்லன்னு தெரியாத ஆளுங்க.” இரண்டாவதும் போயிற்று. நன்றாகச் சொல்கிறாள். அதுதான் தாங்கவில்லை. நான் சொன்னபோது நடுவில் இரண்டு ‘வந்து’, ஒரு ‘அதாவது’, ஒரு ‘எனக்கு என்னமோ’ இருந்தன, அவள் எல்லாவற்றையும் வடிகட்டி எடுத்துவிட்டாள், தெளிவாக இருக்கிறது, நிறம்கூட வந்துவிட்டது. கதை எளிமையானது: படகுத்துறையில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவன் செத்துப்போகிறான், அவன் பெண்டாட்டி அதே கவுண்டரில் போய் உட்காருகிறாள், அவ்வளவுதான், இருநூற்றுப் பத்துப் பக்கம். இந்த மாதத்துக்கு அதைத் தேர்ந்தெடுத்ததும் அக்காதான், அட்டைப் படம் அழகாக இருக்கிறது என்று. இப்போது அவள் கிளாஸை ஸ்டூலில் வைக்கிறாள். வைத்துவிட்டுப் புத்தகத்தின்மேல் இரண்டு கையையும் வைக்கிறாள். அடுத்து என்னவென்று எனக்குத் தெரியும். ஏனென்றால் வரிசைப்படிதான் சொல்கிறாள், நான் சொன்ன வரிசை. மழை, பெயர், அதற்கு அடுத்தது மூக்குக்கண்ணாடி.

மூக்குக்கண்ணாடி புத்தகத்தில் இல்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. நான் சொல்லும்போது இருந்தது, என் மனதில் அச்சடித்த மாதிரி இருந்தது, இடது பக்கம், கீழிருந்து ஏழெட்டு வரி மேலே. புருஷனுடைய கண்ணாடியை ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள், அவள் வீட்டுக்கு வந்ததும் அதைக் குழாயடியில் கழுவுகிறாள், சோப்புப் போட்டு, நகத்தால் ஓரமெல்லாம் சுரண்டி, புடவையில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள், அப்போதுதான் தெரிகிறது, அதில் அவர் கட்டைவிரல் ரேகை இருந்ததென்று, இப்போது இல்லையென்று. இதைத்தான் ஜாடியைக் கிண்டிக்கொண்டே சொன்னேன், நாவலிலேயே இதுதான் உயிர்நாடியான கட்டம் அக்கா என்றேன். பின்னால் ஸ்டூலில் அவள் ‘ம்’ கூடச் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இருபத்தொன்றாம் நாள், அதாவது நேற்று, வடிகட்டி முடித்துக் கை கழுவிவிட்டு, அந்தப் பக்கத்தை அவளுக்குக் காட்டலாம் என்று எலுமிச்சம்பழத்தை நகர்த்திப் புத்தகத்தை எடுத்தேன். முதலிலிருந்து கடைசிவரை புரட்டினேன். அவள் புருஷன் கண்ணாடியே போடுகிறவன் இல்லை. அப்புறம்தான், சமையலறையில் நின்றபடியே, தாராபுரம் வீட்டுக் குழாயடி வந்தது, அம்மா வந்தாள். அப்பா போன மூன்றாம் நாள், மத்தியானம், உள்ளே குக்கர் நாலாவது விசில் அடிக்கிறது, பெரியம்மா, “ஏம்புள்ள, அடுப்பப் பாக்க மாட்டியா,” என்று சத்தம் போடுகிறாள், அம்மா கண்ணாடியை வெயிலில் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறாள். பாத்திரம் விளக்குகிற பவுடர். பச்சை நுரை. எனக்கு அப்போது பதினாறு. ஒன்பது வருஷமாக அதை நான் நினைக்கவே இல்லை, நினைக்காமல் இருந்தது போய் ஏதோ ஒரு நாவலுக்குள் உட்கார்ந்துகொண்டு, நான் படித்த மாதிரியே எனக்குக் காட்டியிருக்கிறது. என்ன புத்தி இது. அக்காவிடம் சொல்லியிருக்கலாம், நேற்றே, அடுத்த அறையில்தான் பாட்டில் துடைத்துக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. படித்ததையும் பட்டதையும் பிரிக்கத் தெரியாதவள் எதற்காகப் படிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வாளோ என்று. வெட்கம் மட்டும்தானா, கௌசி? இன்றைக்கு அவள் அதைச் சொல்கிறாளா என்று பார்க்க ஒரு ஆசை இருக்கவில்லையா? இருந்தது. கொஞ்சம் இருந்தது. இப்போது இல்லை, இப்போது அவள் வாயைப் பார்த்துக்கொண்டு, சொல்லாதே என்று உள்ளுக்குள் கெஞ்சுகிறேன், மழையை எடுத்துக்கொள், பெயரை எடுத்துக்கொள், நூலகத்துக்குப் போ, மாலை போடட்டும், இதை மட்டும் விட்டுவிடு அக்கா, இது படித்தது இல்லை.

“எல்லாத்தையும்விட,” என்று குரலைத் தாழ்த்துகிறாள், “அந்த மூக்குக்கண்ணாடி கழுவுற கட்டம்.” சொல்கிறாள். குழாயடியை எடுத்துவிட்டுக் கிணற்றடி வைக்கிறாள். மத்தியானத்தை எடுத்துவிட்டுச் சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம். குக்கர் இல்லை, பெரியம்மா இல்லை, பவுடர் இல்லை, வெறும் கண்ணீரால் கழுவுகிறாளாம். என் அம்மா கண்ணீரால் எதையும் கழுவினதில்லை. அம்மா அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டு எல்லாருக்கும் சோறு போட்டாள். அக்காவின் கண் கலங்குகிறது, நடிப்பு இல்லை, அவளுக்கு உண்மையாகவே கலங்குகிறது, இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது. பனி ஜன்னலை முழுக்க மூடிவிட்டது. நசீமாக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அல்லா, இப்படியெல்லாமா எழுதுவாங்க,” என்கிறாள். ஹேமா மேடம் தலையாட்டவில்லை. முன்னால் சாய்ந்து, “எனக்கு அப்படி ஒரு கட்டம் ஞாபகமில்லையே ஃப்ளாரா. எந்தப் பக்கத்துல வருது?” என்கிறார். ஒன்றும் உள்ளே வைத்துக் கேட்கவில்லை, பதிவுத் தபால் எண் கேட்கிற மாதிரிதான் கேட்கிறார். அக்கா புத்தகத்தைத் திறக்கிறாள், நடுவில், அது புதுப் புத்தகம் மாதிரி முறுக்கிக்கொண்டு மூடப் பார்க்கிறது. இரண்டு பக்கம் தள்ளுகிறாள். அவள் கழுத்தில் ஒரு சிவப்பு ஏறுகிறது. இப்போது அவள் என்னைப் பார்ப்பாள். மூன்று மாதமாகப் பார்க்காதவள் பார்த்துவிட்டாள். “கௌசிக்குத் தெரியும். இவதான் பக்கம் பக்கமா மனப்பாடம் பண்ணி வச்சிருப்பா. எடுத்துக் காட்டும்மா மேடத்துக்கு,” என்று சிரித்துக்கொண்டே புத்தகத்தை என் மடியில் வைக்கிறாள். கனமே இல்லை. என்னை அனுப்புகிறாள், கடைக்கு அனுப்புகிற மாதிரி, போய் ஒரு பக்கம் வாங்கிக்கொண்டு வா என்று.

எடுத்துக் காட்டுவதாகப் புரட்டிக்கொண்டே இருக்கலாம். கிடைக்கவில்லை, அப்புறம் பார்த்துச் சொல்கிறேன் என்றால் நசீமாக்கா பேச்சை மாற்றிவிடுவாள். ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பது போலவே வாசித்தும் விடலாம், குழாயடி, பச்சை நுரை, விசில், எல்லாம், யாருக்குத் தெரியும். ஆனால் அப்போது அம்மா நிரந்தரமாக அந்தப் புத்தகத்துக்குள் போய்விடுவாள், ஃப்ளாரா அக்கா நூலகத்தில் போய் அவளைச் சொல்லுவாள், மைக்கில், கிணற்றடியோடு. மடியில் காகிதச் சத்தம் கேட்கிறது. “இது புத்தகத்துல இல்ல மேடம்,” என்கிறேன். என் குரல் மூன்றாவது சொல்லில் போகப் பார்க்கிறது, போகவில்லை. “அது எங்கம்மா. எங்கப்பா கண்ணாடி. நான்தான் அக்காகிட்ட, புத்தகத்துல வர்றதா நெனச்சுக்கிட்டுச் சொன்னேன். தப்பா.” இப்போது தெரிந்திருக்கும். எல்லாருக்கும் எல்லாமும். அக்கா ஒரு மூச்சு இழுக்கிறாள், அவள் முகத்தில் வரிசையாக ஏதேதோ வந்து போகிறது, நான் அதையெல்லாம் பார்க்கிறேன், பயம், கணக்கு, பிறகு சட்டென்று ஒரு மலர்ச்சி. “பார்த்தீங்களா,” என்கிறாள், “இதைத்தான் நான் சொல்ல வந்தேன். நல்ல புத்தகம்னா நம்ம வீட்டுல நடந்ததுகூட அதுக்குள்ள போய் ஒட்டிக்கும். எது கதை, எது நம்மளுதுன்னே தெரியாது.” புத்தகம் என் மடியில் இருக்கிறது, அவள் பேசுகிறாள், ஒருவரும் விதியைச் சொல்லவில்லை. நசீமாக்கா என் முழங்காலைத் தட்டி, “பாவம் புள்ள. அப்பா எப்பம்மா போனாரு? சொல்லவே இல்லையே நீ,” என்று ஒரு வர்க்கியை எடுத்து என் கையில் திணிக்கிறாள். அதையும் அக்கா எடுத்துக்கொண்டாள். நேற்று ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்று நான் நினைத்து வெட்கப்பட்டதைக்கூட, சொல்லாமலே எடுத்துக்கொண்டாள்.

“இல்ல,” என்கிறேன். வர்க்கி கையில் நொறுங்குகிறது. “அக்கா இதைப் படிக்கல மேடம். மழை, பேரு, எல்லாம் நான் சொன்னது. போன மாசமும் நான் சொன்னதுதான்.” சொல்லி முடித்ததும் எவ்வளவு அற்பமாக இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் பென்சிலைக் காணோம் என்று அழுகிற பிள்ளை மாதிரி. ஃப்ளாரா அக்கா, “என்ன கௌசி இது,” என்கிறாள், அடிபட்ட குரலில், அடித்தவள் நான்தான் என்கிற மாதிரி. நான் ஹேமா மேடத்தைப் பார்க்கிறேன். அவர் அதிர்ந்துபோவார், ஃப்ளாராவைத் திரும்பிப் பார்ப்பார் என்று காத்திருக்கிறேன். அவர் என்னைத்தான் பார்க்கிறார், கொஞ்சம் சங்கடமாக. “தெரியும்மா,” என்கிறார். “எங்களுக்குத் தெரியும். ஃப்ளாராவுக்குப் படிக்கல்லாம் எங்க பொறுமை.” நசீமாக்கா சிரித்துவிட்டு அடக்கிக்கொள்கிறாள், மேடம் தொடர்கிறார். “உனக்குத்தான் நாலு பேர் முன்னாடி பேச வராதே. அவ வாயால வந்தாலும் வந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டோம். அவளும் நல்லா சொல்றா. ஒயின் வேற ஊத்தறா.” “அதானே,” என்கிறாள் நசீமாக்கா, “எனக்கு அதுகூட இல்ல, வெறும் டீ,” அக்காவும் சிரிக்கிறாள், மூன்று பேரும் சிரிக்கிறார்கள், இதமாக, என்னையும் சேர்த்துக்கொள்கிற சிரிப்பு. தெரியும். மூன்று மாதமாகத் தெரியும். நான் கை தட்டியபோது தெரியும். நூலகத்துக்கு அவளைக் கூப்பிட்டபோது தெரிந்தேதான் கூப்பிட்டார். ஒருத்தி எடுத்துக்கொண்டாள் என்றுதான் இவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன், ஒருத்தி என்றால் தாங்கியிருப்பேன், அவளாவது பின்னால் உட்கார்ந்து அப்புறம் என்று கேட்டாள். இவர்கள் அன்பாகவே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள், என்னை, என்னிடம் கேட்காமல். உடம்பு சரியில்லாத பிள்ளைக்குப் பதிலாக அண்ணனோ அக்காவோ பரிசு வாங்கிக்கொண்டு வந்தால் போதாதா என்பது மாதிரி.

“சரி, அடுத்த மாசம் என்ன புத்தகம்?” என்கிறாள் அக்கா, பாட்டிலைச் சாய்த்து ஹேமா மேடத்தின் கிளாஸில் ஊற்றிக்கொண்டே. இரண்டு சொட்டு மேசை விரிப்பில் விழுகிறது. நசீமாக்கா ஏதோ சமையல் குறிப்பும் கதையும் கலந்த புத்தகம் ஒன்றைச் சொல்கிறாள். பேச்சு போய்விட்டது, என்னைச் சுற்றிக்கொண்டு ஓடை மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டது, நான் இப்போது எழுந்து பின்கட்டுக்குப் போனால் தலைவலி என்று சொல்லிக்கொள்வார்கள். “நான் இன்னும் முடிக்கல,” என்கிறேன். புத்தகம் என் மடியில்தான் இருக்கிறது. மூன்று பேரும் திரும்புகிறார்கள், பொறுமையாக, பிரியமாக, காத்திருக்கிறார்கள். சொல்ல ஒன்றும் இல்லை. உள்ளே தேடித் தேடிப் பார்க்கிறேன், துடைத்து எடுத்த மாதிரி இருக்கிறது. இருபத்தொரு நாள், தினம் கால் மணி நேரம், இருந்ததையெல்லாம் அவளிடம் கொடுத்துவிட்டேன், நான் எதைச் சொன்னாலும் அது ஃப்ளாரா சொன்னதுதான். அக்கா தேர்ந்தெடுத்த புத்தகம் என்பதற்காக அவளுக்குப் பிடிக்கிற மாதிரிதானே எல்லாவற்றையும் சொன்னேன், மழையை அழகாக்கினேன், பெயரை அழகாக்கினேன், போதாதென்று அம்மாவைக் கொண்டுபோய் அதற்குள் வைத்தேன், ஏனென்றால் அதில் ஒன்றும் இல்லை, இருநூற்றுப் பத்துப் பக்கமும் அவள் டிக்கெட் கிழிக்கிறாள், ஒரு இடத்திலாவது எனக்கு வலிக்கவில்லை.

“எனக்கு இந்தப் புத்தகம் பிடிக்கல,” என்கிறேன்.

அக்காவின் கையிலிருந்த பாட்டில் நிற்கிறது. இதை அவளிடம் நான் சொன்னதே இல்லை. நசீமாக்கா அவளைப் பார்க்கிறாள், பிறகு என்னை. ஹேமா மேடம் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.

“ஏன்?” என்கிறார்.